பிளேனுக்குக் காது இல்லை

விக்கர்ஸ் ஆறு தொன் டாங்கி, இங்கிலாந்துச் சாமான். முப்பத்திரண்டுக்குச் சொல்லி வைத்தார்கள். வந்து இறங்கியபோது பீரங்கி இல்லை, ரேடியோ இல்லை, குறிபார்க்கிற கண்ணாடி இல்லை, சாரதி குந்தியிருக்க ஆசனம்கூட இல்லை. முதலாவது அட்டை இதுதான். குகதாசன் துணியை வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தபடி அதை ஒருமுறை பின்னிஷிலும் ஒருமுறை தமிழிலும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ஆசனம் இல்லாத டாங்கியில் சாரதி எதில் இருந்திருப்பான் என்று அட்டை சொல்லவில்லை. பலகைப் பெட்டி ஒன்றைப் போட்டிருப்பான், வேறென்ன, சண்டைக் காலத்தில் எல்லாச் சனமும் ஏதோவொரு பெட்டியில்தான் குந்தியிருக்கிறது. சுவர் மணிக்கூட்டில் எட்டரை. மியூசியம் திறப்பது பதினொன்றரைக்கு. அக்கா பதினொரு மணிக்குத் தொலைபேசி எடுப்பாள். இடையில் இரண்டரை மணித்தியாலம், பன்னிரண்டு காட்சிச் சாமான், பன்னிரண்டு அட்டை. ஒன்றைத் துடைக்கிற நேரத்தில் ஒன்றைப் பாடமாக்கலாம் என்பது அவனே கண்டுபிடித்த வழி. பின்லாந்தின் நடுவில், பைன் காட்டுக்குள், பழைய போர் வாகனங்களை நிறுத்தி வைத்திருக்கிற இந்தத் தகரக் கூடத்தில் அவன் நாலு வருடமாகத் துப்புரவுக்காரன். வருகிற கோடையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாகனங்களைக் காட்டுகிற வேலையையும் தருவதாக மேலாளர் பைவி சொல்லியிருக்கிறாள், அட்டைகள் அதற்குத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் பைவி கேட்பதற்கு வெகு முன்பே அவன் பாடமாக்கத் தொடங்கிவிட்டான். தலைக்குள் ஓரிடம் காலியாகக் கிடந்தால் அதற்குள் ஏதாவது வந்து குந்திக்கொள்ளும். முப்பத்திரண்டு டாங்கி வந்து குந்தினால் பரவாயில்லை.

சட்டைப்பையில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தான். குனியும்போதெல்லாம் அது நெஞ்சில் குத்தியது. நாலே நாலு வரிதான், தமிழில் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தாயிற்று. கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புவது மட்டும்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை புவனா அக்கா கிளிநொச்சியிலிருந்து எடுத்து, நலம் விசாரித்து, இங்கே இன்னும் பனி கிடக்கிறதா என்று கேட்டு, பிறகுதான் விசயத்துக்கு வந்தாள். காணாமல் போனோர் அலுவலகத்தில் அத்தானுடைய வழக்குக் கோவையைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு விசாரணை. உயிரோடு கடைசியாகக் கண்ட ஆள் யாராவது எழுதிக் கொடுத்தால் கோவை திறந்திருக்கும், இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று ஒரு பத்திரத்தைத் தந்து மூடிவிடுவார்கள். அக்காவின் புருசன் நகுலேந்திரன் அத்தான் காணாமல் போய்ப் பதினைந்து வருடம். அதில் ஏழு வருடமாக அக்கா றோட்டுக்கரைப் போராட்டக் கொட்டகையில் மற்றப் பெண்களோடு அவருடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். வெயிலில் படம் வெளிறிப்போய் இரண்டு தரம் புதிதாகப் போட்டாயிற்று, அத்தானுக்கு மட்டும் வயது போகவில்லை. "நீதானே அவரோட கடைசியா வந்தனி. ஆமியின்ர பஸ்ஸில ஏறினதைக் கண்டனான் எண்டு எழுதித் தா, தம்பி," என்றாள். அவன் ஓம் என்றான். அவனுக்கு அக்காவிடம் ஓம் தவிர வேறொன்றும் வாயில் வருவதில்லை. அன்றைக்கே எழுதியும்விட்டான். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, தாள் இன்னும் பையில் இருக்கிறது.

இரண்டாவது, டி இருபத்தாறு. ரஷ்யாக்காரனுடையது, பிடித்தது. பின்லாந்துக்காரனிடம் சொந்தமாக டாங்கி என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை, காட்டுப் பாதையில் எதிரி விட்டுவிட்டு ஓடியதை இழுத்து வந்து, திருத்தி, பூச்சுப் பூசி, திரும்பவும் சண்டைக்கு அனுப்பினார்கள். பாசிப் பச்சை, மணல் நிறம், சாம்பல், இந்த மூன்று பூச்சு. தங்களுடைய ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்று பீரங்கிக் கோபுரத்தில் கை குட்டையான ஸ்வஸ்திகாவைக் கீறினார்கள். அது ஜேர்மன்காரனுடையது அல்ல, அதற்கு முன்பே இவர்களிடம் இருந்தது, நாற்பத்தைந்தில் அழித்துவிட்டார்கள். பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், மறக்காமல் சொல்லவேண்டும். பக்கவாட்டுத் தகட்டில் ஒரு துளையை அடைத்து ஒட்டியிருக்கிறார்கள். விரல் வைத்தால் ஒட்டு மேடாகத் தெரியும். உள்ளே இருந்தவர்களை யார் வெளியே எடுத்தது, உட்பக்கத்தை யார் கழுவியது, அதுவும் அட்டையில் இல்லை. யாரோ ஒருவன் வாளியும் துணியுமாக வந்திருப்பான், தன்னைப் போல ஒரு துப்புரவுக்காரன், குளிரில் தண்ணீர் உறைவதற்குள் வேலையை முடிக்கவேண்டும் என்று மட்டும் நினைத்திருப்பான். நினைக்காமல் இருக்கிறதுக்கு வேலையைப்போல ஒன்றும் இல்லை. குகதாசன் துளையின் ஒட்டைத் துடைத்தான். மூன்றாவது, லாட்டி துவக்கு, டாங்கித் தகட்டைத் துளைக்கிற நீட்டுத் துப்பாக்கி, இருபது மில்லிமீற்றர், ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பனிச்சறுக்குப் பலகையில் வைத்து இழுப்பார்கள். சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் ஆனைத் துவக்கு. வாழ்நாளில் ஆனையைக் கண்டிராத சனம் ஆனைத் துவக்கு வைத்திருந்திருக்கிறது. அவனுடைய ஊரில் ஆனையும் இருந்தது, துவக்கும் இருந்தது, அதைப்பற்றி ஒரு பகிடியும் வரவில்லை. முன்பொருநாள் இதைப் பைவிக்குச் சொல்ல வெளிக்கிட்டு, பாதியில் தனக்கே சலித்துப்போய் விட்டுவிட்டான்.

நாலாவது ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரே ஒரு போத்தல். அரசாங்கத்தின் சாராயத் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் அடைத்தார்கள், பெற்றோலும் தாரும் கலந்து, போத்தலின் இரண்டு பக்கமும் நீட்டுத் தீக்குச்சி கட்டி. காற்றில் அணையாத குச்சி. கண்ணாடியில் கைரேகை நிறையக் கிடந்தது, பிள்ளைகள் எல்லாரும் இதில்தான் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். அத்தானுடைய போத்தல் இதைவிடச் சின்னது. இருமல் மருந்துப் போத்தல், மண்ணிறம், மூடியில் ஊசியால் ஒரு துளை. அதற்குள் பெற்றோல். பெற்றோல் என்றால் அந்தச் சண்டை நாளில் வன்னியில் வாசம்பிடிக்கக்கூடக் கிடைக்காத சாமான், வாகனமெல்லாம் ஓடியது மண்ணெண்ணெயில்தான். ஆனால் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடுமே தவிரப் பிடிக்காது. குளிர்ந்த எஞ்சினுக்குக் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, அது பிடித்த சூட்டில் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளவேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவன் எஞ்சினை மூடியிருக்கிற பொனற்றைத் திறந்து குனிந்து நின்று சொட்டு விடுவான், மற்றவன் உள்ளே இருந்து ஸ்ராட் அடிப்பான். குகதாசனுடைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வாடகைக் காருக்கு அவன் சாரதி, அத்தான் சொட்டுக்காரன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த மனிசன், பள்ளிக்கூடம் இடிந்த பிறகு காரோடு வரத் தொடங்கினார். சொட்டு விடுகிறதையும் கணக்காகத்தான் செய்வார். நாலு சொட்டு, ஐந்தாவது கிடையாது. விட்டதும் "அடி" என்று சொல்லுவார், இவன் அடிப்பான். போத்தலை வேறொருவர் தொட விடமாட்டார், இரவில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பார், தன்னிடம்கூடத் தருவதில்லை என்று அக்கா சிணுங்குவாள். கண்ணாடியில் கைரேகை போய்விட்டது. போன பிறகும் அவன் துடைத்துக்கொண்டு நின்றான்.

ஐந்து, ஆறு, ஏழு. ஐந்தாவது ஸ்டுர்மி, கோபுரமில்லாத பீரங்கி வண்டி, ஜேர்மன்காரனிடம் வாங்கியது, முதல் வருடம் முப்பது, அடுத்த வருடம் இருபத்தொன்பது, மொத்தம் ஐம்பத்தொன்பது. தகடு போதாது என்று முன்பக்கத்தில் சீமெந்து பூசினார்கள், பக்கங்களில் மரக்குற்றி கட்டினார்கள். ஓட்டுகிற ஆட்கள் தங்கள் பெண்சாதிகளின், காதலிகளின் பெயரை முன்னால் எழுதி வைத்தார்கள். குகதாசனுடைய காரில் முன்கண்ணாடிக்கு மேலே புவனேஸ்வரி என்றுதான் எழுதியிருந்தது, அக்காவின் பெயர் அல்ல, அம்மன் பெயர், அக்கா ஆனால் தன் பெயர்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஆறாவது ரஷ்யாக்காரனின் டி முப்பத்துநாலு, இவர்கள் வைத்த பெயர் சொட்கா, ஒரு வகை வாத்து, பக்கவாட்டில் பார்த்தால் வாத்துப் போலத்தான் இருக்கும். ஏழாவது வாகனமே இல்லை, சுவரில் ஒரு படம். பிடித்த டாங்கியில் இங்கிலாந்துப் பழம்பீரங்கியைப் பொருத்திப் பதினெட்டு வண்டி செய்தார்கள், கோபுரம் பெட்டகம் மாதிரி, ஓட்டுகிறவர்களுக்கே பிடிக்காத வண்டி. அதிலொன்று எதிரி டாங்கிக்குப் பதினெட்டுத் தரம் அடித்தும் அந்த டாங்கி நிற்கவில்லை என்றொரு கதை சொல்லுவார்கள். பதினெட்டுத் தரம் ஒரே பொய்யைச் சொன்னாலும் அப்படித்தான். முதல் தரம் சொல்லும்போது அது பொய்கூட இல்லை, ஒரு வாய்தவறல். அன்றைக்கு அவன் அத்தான் இல்லாமல் காரோடு போய்ச் சேர்ந்த இடத்தில், தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே அக்கா மகளுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டு இருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "எங்க இவர்?" என்றாள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு இருந்தது. "பின்னால வாறார்," என்று குகதாசன் சொன்னான். பிள்ளை அந்தக் கரண்டியை விழுங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தது. பிள்ளை விழுங்கியது, அடுத்த கரண்டி வந்தது. முகாமுக்குப் போன பிறகு யாரோ ஒரு ஆள், நகுலேந்திரன் மாஸ்டரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அவன் யாரைக் கண்டானோ. அக்கா ஓடிவந்து, "நீ கண்டனியே?" என்று கேட்டபோது இவன் "காணேல்லை" என்றான், அது சத்தியமான வார்த்தை, பொனற் திறந்திருந்தால் சாரதிக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு பதினைந்து வருடம் இருந்துவிட்டான். அந்தப் பிள்ளைக்குப் போன ஆவணியில் கலியாணம் நடந்தது.

எட்டாவது ஆக்கியோ, பனியில் இழுக்கிற தோணி போன்ற சறுக்குவண்டி. சாமானும் ஏற்றுவார்கள், காயப்பட்டவனையும் ஏற்றுவார்கள், மான் இழுக்கும், மான் இல்லாவிட்டால் மனிசர் இழுப்பார்கள். எட்டுக்குப் பிறகு அவன் பத்துக்குப் போனான். எப்போதும் அப்படித்தான், பாடம் சொல்லும்போதும் எட்டு, பத்து, துடைக்கும்போதும் எட்டு, பத்து. ஒன்பதைக் கடைசிக்கு விடுவான், கடைசியில் நேரம் போதாது என்று மேலோட்டமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவான். யாரும் கவனித்ததில்லை என்றுதான் நினைத்திருந்தான். பத்தரை ஆனபோது பின்கதவால் பைவி வந்தாள், தடித்த காலணியில் சேற்றோடு, கையில் கோப்பிக் கோப்பையோடு. அதிகம் கதைக்கிற பெண் அல்ல; இந்த நாட்டில் யார்தான் கதைக்கிறார்கள், அதுதான் அவனுக்கு இங்கே பிடித்தது. இன்றைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எஞ்சினைக் காட்டுவதற்காக லொறியின் பொனற்றை நேற்றே திறந்து வைத்துவிட்டதாகவும், உள்ளே தூசி மண்டிக்கிடக்கிறது, வடிவாகத் துடைத்துவிடும்படியும் சொன்னாள். பிறகு போகிற போக்கில் நின்று, ஒன்பதாவது அட்டையைச் சொல்லு பார்ப்போம் என்று கேட்டாள். அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். பைவியும் பார்த்தாள். "பரவாயில்லை," என்றாள், "அதை மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ துடை." அவள் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒன்பதாவது, மரப்புகை லொறி. கூடத்தின் மூலையில் நிற்கிற பழைய அமெரிக்க லொறி, சாரதி அறைக்குப் பின்னால் தண்ணீர்க் கொதிகலன் மாதிரி ஒரு உயரமான இரும்பு அடுப்பு. சண்டைக் காலத்தில் பெற்றோல் எல்லாம் இராணுவத்துக்குப் போய்விட, நாட்டில் மிச்ச வாகனமெல்லாம் விறகில் ஓடியது. சின்னச் சின்னதாக வெட்டின மரத்துண்டு, பில்க்கே என்பார்கள், அதை அடுப்பில் போட்டுப் புகையவிட்டு அந்தப் புகையை எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். புகையை மூச்சில் இழுத்துச் செத்த சாரதிகளும் உண்டு. நினைத்த உடனே ஸ்ராட் பண்ண முடியாது, அடுப்பை மூட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்கவேண்டும். அதனால் வழியில் நிற்கவேண்டி வந்தாலும் அடுப்பை அணைய விடக்கூடாது. இந்தக் கடைசி வசனத்தைத்தான் அவன் பாடமாக்கவில்லை. பொனற் முன்பக்கத்தால் தூக்கித் திறக்கிற வகை, ஒரு கம்பியில் முட்டுக் கொடுத்து நின்றது. வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போய் நின்றான். குனிந்தான். கை தானாகக் காபரேற்றரைத் தேடிப் போய் அதன் வாயில் நின்றது, அவனுக்குச் சொல்லாமலே. பிறகு நிமிர்ந்து சாரதி ஆசனம் இருக்கிற பக்கம் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. பச்சைத் தகடு, அவ்வளவுதான், வானம்வரை தகடு. இந்தப் பக்கத்தில் அவன் ஒருநாளும் நின்றதில்லை. பதினைந்து வருடமாக உள்ளே இருந்துகொண்டு பொனற்றின் மேற்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அத்தான் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எப்படியோ ஒரு எண்ணம் விழுந்து, கண்ணை மூடினால் அவருடைய கண் தெரியும். அவருக்கும் இவன் தெரிந்திருக்க முடியாது. அவரும் தகட்டைத்தான் பார்த்திருப்பார். இதில் ஆறுதல் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். இருக்கிற மாதிரியும் இல்லை, இல்லாத மாதிரியும் இல்லை. துணியை எடுத்து றேடியேற்றருக்கு மேலே துடைக்கத் தொடங்கினான்.

பங்குனி மாதம், காலை பத்து மணி. மணல் றோட்டு, இரண்டு பக்கமும் சனம் விட்டுவிட்டுப் போன சாமான், தையல் மெசின், சைக்கிள், சாமிப்படம். அக்காவும் பிள்ளையும் விடிய முன்னமே நடந்து போய்விட்டார்கள். காரில் இவனும் அத்தானும் அரிசி மூட்டை இரண்டும். அப்போது பிளேன் சத்தம் கேட்டது. பிளேன் சத்தம் கேட்டால் வன்னியில் எல்லாரும் செய்கிற வேலை ஒன்று இருந்தது. ரேடியோவை நிறுத்துவார்கள், அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவார்கள், வாகனம் ஓட்டுகிறவன் எஞ்சினை நிறுத்துவான், கிழவிகள் இருமலை அடக்குவார்கள். ஆகாயத்தில் அவ்வளவு உயரத்தில் இடிபோல இரைந்துகொண்டு போகிறவனுக்குக் கீழே இருமுகிற சத்தம் கேட்காது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்துவார்கள். குகதாசனுடைய கை எஞ்சினை நிறுத்தக் கார்த் திறப்புக்குப் போனது. "நிப்பாட்டாதை, குகன்," என்றார் அத்தான், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், "பிளேனுக்குக் காதில்லை. உதை நிப்பாட்டினா எழுப்பேலாது." இவன் நிறுத்தினான். நிறுத்திவிட்டு, றோட்டுக்கரையில் யாரோ வெட்டிவிட்டுப் போன பங்கருக்குள் போய் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் குப்புறக் கிடந்தார்கள். பிளேன் வேறெங்கோ போட்டுவிட்டுப் போனது. வெளியே வந்தபோது எஞ்சின் ஆறிவிட்டது. அத்தான் பார்த்தியா என்றுகூடக் கேட்கவில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு முன்னால் போய்ப் பொனற்றைத் தூக்கினார். இவன் உள்ளே ஏறினான். "அடி," என்றார். இவன் அடித்தான். அதேநேரம் பீரங்கிச் செல் விழுந்தது, அதேநேரம் எஞ்சினும் பிடித்தது, எது முதல் எது பிறகு என்று இன்றைக்குவரை அவனால் பிரிக்க முடியவில்லை. முன்கண்ணாடி நொறுங்கவில்லை. பொனற்றில் ஏழு துளை, ஏழுக்குள்ளாலும் வெளிச்சம் வந்தது. எஞ்சின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிப் போனான். கண்டான். அத்தானுடைய கை மூடியபடி இருந்தது, அதற்குள் போத்தல் உடையாமல் இருந்தது. நிமிர்த்திப் பார்த்தான், மூச்சு இல்லை. அந்தப் பங்கருக்குள்ளேயே இறக்கி, கார்ச் சக்கரத்தின் சில்லு மூடியைக் கழற்றி, அதால் மணலை அள்ளிப் போட்டான். மூடுவதற்கு முன் ஒருதரம் அவரைத் திருப்பிப் போடவேண்டி வந்தது, அதில் கொஞ்ச நேரம் போனது. அவ்வளவு நேரமும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டால் சொட்டு விட ஆள் இல்லை என்ற ஒன்று மட்டும்தான் தலைக்குள் இருந்தது. அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் ஒழுங்காக வந்ததில்லை. பொனற்றைச் சாத்தினான், போத்தலைச் சட்டைப்பையில் போட்டான், காரை எடுத்தான்.

தொலைபேசி நடுங்கியது. ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தான். அக்காவுக்குப் பின்னால் சனம் கதைக்கிற சத்தம், யாரோ பெயர் கூப்பிடுகிற சத்தம். தனக்கு முன்னால் இன்னும் ஏழு பேர் நிற்பதாகவும், மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள் என்றும், கடதாசி இன்னும் வரவில்லையே என்றும் அக்கா சொன்னாள். குகதாசன் லொறிக்கு முன்னால் நின்றான். தாளைப் பையிலிருந்து எடுத்து விரித்தான், நாலு வரியும் வடிவான எழுத்து. கண்ணால் கண்டேன் என்பது மூன்றாவது வரியில் இருந்தது. அனுப்பினால் கோவை திறந்திருக்கும், அக்கா திரும்பவும் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவாள், படம் வெளிறும், புதிதாகப் போடுவாள், அவள் சாகுமட்டும் அதில் இருப்பாள். அதை அவன் பயத்தோடு நினைக்கவில்லை. அட்டையை வாசிப்பதுபோல வாசித்தான்.

"அக்கா," என்றான். "பொனற் திறந்திருந்தது."

பிறகு சொன்னான். வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை, துளையில் தொடங்கி, எஞ்சினுக்குப் போய், பங்கருக்கு வந்தான். பஸ்ஸும் இல்லை ஒன்றும் இல்லை என்றான். பின்னால் வருகிறார் என்று சொன்னது பிள்ளை சாப்பிட்டு முடியட்டும் என்றுதான் என்றான். சொல்லும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று பழகி வைத்த குரல்தான் வந்தது. அக்காவுக்குப் பின்னால் பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியாக, இவ்வளவு காலமும் அட்டைகளுக்கு அடியில் கிடந்ததையும் எடுத்து வெளியே வைத்தான்.

"நான்தான் எஞ்சினை நிப்பாட்டினனான். அத்தான் வேண்டாம் எண்டவர்."

"எல்லாரும் நிப்பாட்டுறதுதான்," என்றாள் அக்கா.

பிறகு அவளே சொன்னாள். "நீ வந்து இறங்கேக்க அந்தப் போத்தல் உன்ர பொக்கற்றுக்குள்ள கிடந்தது. அதை அவர் ஒருத்தரிட்டையும் குடுக்கமாட்டார்."

குகதாசன் லொறியின் முன்தடுப்பில் குந்தினான். அப்படியென்றால் அன்றைக்கே தெரியும், அந்தக் கரண்டிக் கஞ்சியிலேயே தெரியும். தெரிந்துகொண்டு ஏழு வருடம் கொட்டகையில். தெரிந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்து, கண்டனான் என்று எழுதித் தா என்று.

"பிறகேன் கேக்கேல்லை?" என்றான்.

"நீ சொல்லேல்லை," என்றாள். "நீ சொல்லுமட்டும் அது எனக்குத் தெரியாததுதான்."

வெளியே பஸ் ஒன்று சரளைக்கல்லில் வந்து நின்றது, பிள்ளைகள் இறங்குகிற சத்தம். அலுவலக அறைக் கதவைத் திறந்த பைவி அவன் இருக்கிற இருப்பைப் பார்த்துவிட்டு, வாசலுக்குப் போய்ப் பிள்ளைகளை வெளியிலேயே நிறுத்தி வைத்தாள்.

"எங்க வைச்சனி?" என்று அக்கா கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள், "பொறு, பேனை ஒண்டு வாங்கிறன்," என்றாள். யாரிடமோ கேட்பது கேட்டது, பை திறக்கிற சத்தம் கேட்டது. "ம். இப்ப சொல்லு. சந்தியில இருந்து சொல்லு."

ஐம்பத்தொன்பது ஸ்டுர்மியும் பதினெட்டு வண்டியும் முப்பத்திரண்டு ஆசனமில்லாத டாங்கியும் அவன் தலைக்குள் வந்து நின்றதே இந்த ஒன்றை மூடி வைப்பதற்குத்தான். மூடிக் கிடந்ததில் ஒரு எழுத்து அழியவில்லை. இரணைப்பாலைச் சந்தியிலிருந்து கடல் பக்கம் திரும்பி, உடைந்த தண்ணீர்த்தாங்கி தாண்டி, வலக்கைப் பக்கம் மூன்றாவது பனை, அது தலையில்லாத மொட்டைப் பனை, அதிலிருந்து கிழக்கே பதினொரு அடி, காலால் எண்ணினது. ஆழம் இடுப்பளவு. மேலே காரின் சில்லு மூடியைக் கவிழ்த்து வைத்து மணல் மூடியிருக்கிறது, அது இரும்பு, உக்கினாலும் அடையாளம் இருக்கும். அக்கா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டு எழுதினாள். பதினொண்டு, என்றாள். இடுப்பளவு, என்றாள். எழுதி முடித்த பிறகும் அவள் தொலைபேசியை வைக்கவில்லை.

"தலை எந்தப் பக்கம்?" என்றாள்.

"தெற்கால, அக்கா," என்றான் குகதாசன். "முதல் மாறிப்போச்சு. பிறகு திருப்பி வைச்சனான்."